மலைக்காற்றும் த்ராட்டில் வாயும்

மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுத்த கார் குன்னூரைத் தாண்டியதும் சோர்ந்துபோவது, நீலகிரியில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பர்லியாறு வரை மூன்றாம் கியரில் தாக்குப்பிடித்த வண்டி அருவங்காடு, கேத்தி ஏற்றங்களில் இரண்டாம் கியரைக் கேட்கிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் கூடுகிறது, வேகம் கூடுவதில்லை. இதற்கு மருந்து தேடும் கார் பிரியர்கள் சிலர் கையில் எடுக்கும் வேலைதான் த்ராட்டில் பாடி போர்ட்டிங். கம்பெனியில் வந்த த்ராட்டில் பாடியை, அதாவது நடுத்தண்டில் திரும்பும் தகட்டால் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வாயை, கழற்றி, அதன் உள்வாயை அரைத்து வழவழப்பாக்கி, நடுத்தண்டை மெலியவைத்து, திரும்ப மாட்டுவது. ஒரு கை கிரைண்டர், நாலைந்து எமரி தாள்கள், புது கேஸ்கெட், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். செலவு குறைவு, கைவேலையின் திருப்தியும் உண்டு. அதனால்தான் ஆசை விடுவதில்லை.

மலையில் ஓடும் சாதாரணக் காருக்கு இது என்ன தருகிறது, பதிலுக்கு என்ன எடுத்துக்கொள்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம். நீலகிரிச் சாலையில் ஒரு காரின் த்ராட்டிலில் கைவைப்பது சமவெளியில் கைவைப்பது போன்றதல்ல.

முதலில் காற்றைப் பார்ப்போம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் 98-ஐ ஒட்டி இருக்கும். 1,850 மீட்டரில் உள்ள குன்னூரில் சுமார் 82, 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் சுமார் 78. தொட்டபெட்டாவின் 2,637 மீட்டர் உச்சிக்குப் போனால் 74-க்கு இறங்கிவிடும். மலையின் குளிர் இதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது, ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 32 டிகிரி வெயிலில் மேட்டுப்பாளையத்திலும் 15 டிகிரியில் ஊட்டியிலும் அளந்தால் ஊட்டிக் காற்று ஏறத்தாழ 15 சதவீதம்தான் மெலிந்திருக்கும். ஆனாலும் இன்ஜினின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பெரிய இழப்பு. சமவெளியில் 80 குதிரைத்திறன் தரும் டர்போ இல்லாத பெட்ரோல் கார், ஊட்டியில் 65-ஐ ஒட்டித்தான் தரும்.

இழந்த அந்தப் பதினைந்து குதிரைத்திறனில் த்ராட்டில் வாயை அகலப்படுத்தினால் எவ்வளவு திரும்பும்? 1.2 லிட்டர் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை உள்ளிழுக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அது ஏட்டளவில் விநாடிக்கு 60 லிட்டர், நடைமுறையில் 51 லிட்டர் என்று வைக்கலாம். வாயின் விட்டம் 45 மில்லிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 16 சதுர சென்டிமீட்டர். அதில் குறுக்கே ஓடும் 8 மில்லிமீட்டர் தண்டு 3.6-ஐ மறைக்கும், மிச்சம் 12.3. அந்த வழியாக 51 லிட்டர் போக, காற்று விநாடிக்குச் சுமார் 41 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். அந்த வேகத்துக்குரிய அழுத்தம் 1 கிலோபாஸ்கல். அது முழுவதும் இழப்பாகவே போனாலும் நூற்றில் ஒரு பங்கு. அதுவும் பெடலைத் தரையோடு அழுத்தி 6,000 சுற்றில் ஓட்டும்போது மட்டும். மலையேற்றத்தில் இன்ஜின் பெரும்பாலும் ஓடும் 3,000 சுற்றில் காற்றின் வேகம் பாதியாகிறது, இழப்போ கால்பங்காகிவிடுகிறது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தியும் குறைவு என்பதால் இழப்பும் அதே விகிதத்தில் சுருங்கும். சமவெளிக்குப் போதுமான வாய் மலைக்கும் போதுமானதே.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் அரைப்பவரால் வாயை நினைத்த அளவுக்கு அகலப்படுத்த முடியாது. பட்டர்ஃப்ளை தகடு வந்து உட்காரும் வளையத்தைத் தொட்டால் தகடு மூடாது. தகட்டுக்கு மேலும் கீழுமுள்ள விளிம்பையும் படியையும் நீவுவது, தண்டை மெலியவைப்பது, திருகுகளின் தலையைத் தட்டையாக்குவது, இவ்வளவுதான் செய்ய முடியும். இதில் இழப்பின் பாதி மிச்சமானால் அதுவே நல்ல வேலை. ஊட்டியில் அது முழு மிதியில், உச்சச் சுற்றில், மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறன். மலை எடுத்துக்கொண்டதோ பதினைந்து. தண்ணீர் இறங்கிப்போன கிணற்றில் பெரிய வாளியை விடுவதுபோலத்தான்.

பிறகு ஏன் இந்த வேலைக்கு இவ்வளவு பேர்? இதன் ஊர் அமெரிக்கா. அங்கே ஐந்து லிட்டரைத் தாண்டிய வி8 இன்ஜின்களுக்கு இதைச் செய்து பழகினார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் 5.7 லிட்டர் எல்எஸ்1 இன்ஜினுக்குக் கம்பெனி த்ராட்டில் 75 மில்லிமீட்டர். லிட்டருக்கு எவ்வளவு வாய் என்று வகுத்துப் பார்த்தால் அதற்கு 8 சதுர சென்டிமீட்டர்கூட வராது. நாம் மேலே எடுத்துக்கொண்ட 1.2 லிட்டர் இன்ஜினுக்கு 13-க்கு மேல் வருகிறது. ஒரே வேலை அங்கே ஒரு பலனும் இங்கே வேறு பலனும் தருவதன் காரணம் இந்த வகுத்தலில் இருக்கிறது. அங்கே நெருக்கடி இருந்தது. நம் சின்ன கார்களின் வாய் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது.

சின்ன வாயின் வழியாக எவ்வளவு காற்று போகும் என்பதை மலையிறங்கிக் கோவைக்குப் போனாலே பார்க்கலாம். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கிய கரிவர்தனின் நினைவாக அமைந்த ஓடுபாதை. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வரும் ஃபார்முலா பாரத் போட்டி அங்கே நடந்து வருகிறது. உலகெங்கும் இந்த மாணவர் போட்டிகளுக்கு ஒரே மாதிரியான விதி உண்டு: பெட்ரோல் இன்ஜின் 710 சிசிக்குள் இருக்க வேண்டும், உள்ளே போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றைக் கடந்தே போக வேண்டும். நம் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய துளை. காற்று அதில் ஒலியின் வேகத்தை எட்டி, அதற்குமேல் கூட மறுக்கும். அந்த எல்லையில் விநாடிக்கு 70 கிராமுக்குச் சற்று மேல் காற்று போகும், எழுபது குதிரைத்திறனை ஒட்டிய இன்ஜினுக்கு அது போதும். அதைவிட ஐந்து மடங்கு பரப்புள்ள வாயை வைத்துக்கொண்டு காற்று போதவில்லை என்று நாம் குறைப்படுகிறோம்.

அந்த மாணவர்கள் தங்கள் உழைப்பையும் நேரத்தையும் எங்கே செலவழிக்கிறார்கள் என்பது இன்னும் முக்கியம். துளையின் அளவு விதியில் கட்டுண்டது, அதனால் அதற்கு முன்னும் பின்னுமுள்ள குழாயின் சரிவை டிகிரி டிகிரியாகக் கணினியில் கணக்கிட்டு, காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் சோதித்து அமைக்கிறார்கள். அளக்காமல் எமரி தாளை எடுப்பதில்லை. வீட்டில் அரைப்பவரிடம் இல்லாதது கிரைண்டரோ பொறுமையோ அல்ல, அளவுதான்.

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. போர்ட்டிங் செய்தவர்கள் வண்டிக்கு பிக்கப் ஏறிவிட்டது என்று சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கம்பெனி த்ராட்டில்கள் பலவற்றின் உட்சுவரில், தகட்டை ஒட்டி, மெல்லிய ஒரு வளைவு விட்டிருப்பார்கள். பெடலை லேசாகத் தொடும்போது தகடு சில டிகிரி திறந்தாலும் காற்று சொட்டுச் சொட்டாகவே கூடுவதற்காக விட்ட வளைவு அது. அதை அரைத்து எடுத்துவிட்டால் அதே சில டிகிரிக்கு இரு மடங்கு காற்று உள்ளே பாயலாம். கால் அதே இடத்தில் இருக்கிறது, வண்டி முன்னைவிடத் துள்ளுகிறது. முழு மிதியில் கிடைக்கும் சக்தி அப்படியே இருக்க, அது பெடலின் முதல் கால்பங்குக்குள் நெருங்கி வந்துவிடுகிறது. இதைத்தான் உடம்பு சக்தி என்று எடுத்துக்கொள்கிறது. ஆக்சிலரேட்டர் கேபிளை இழுத்துக் கட்டினாலும், பெடல் பூஸ்டர் என்று கடைகளில் விற்கும் சின்னப் பெட்டியை மாட்டினாலும் கிடைப்பது இதே உணர்வு.

கிண்டி மேம்பாலத்தில் இந்தத் துள்ளலால் பெரிய கேடு வராது. நீலகிரியில்தான் கவலை. மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையில் 36. கொண்டை ஊசி வளைவில் ஏறும் ஓட்டுநரின் வலது கால் என்ன செய்கிறது என்று பாருங்கள். எதிரே இறங்கும் பஸ்ஸுக்கு இடம் கொடுத்து நிற்கிறார். ஹாஃப் கிளட்ச்சில் பிடித்து, பெடலை மயிரிழை அழுத்தி, வண்டி பின்னே சரியாமலும் முன்னே பாயாமலும் நகர்த்துகிறார். சாலையில் மழைநீர், மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் ஈரச்சரிவில் டயர் சுழலாமல் ஏற்றுவதும் இதே மயிரிழை மிதியால்தான். மலை ஓட்டுநரின் முழுத் திறமையும் பெடலின் அந்த முதல் கால்பங்கில் இருக்கிறது. போர்ட்டிங் சிதைப்பதும் அதே கால்பங்கைத்தான். கிடைப்பது முழு மிதியில் ஒரு துளி, போவது கால்மிதியின் நுணுக்கம் என்றால், மலைக்காரருக்கு இது நஷ்ட வியாபாரம் என்பது என் உறுதியான முடிவு.

இறக்கம் இன்னும் கூர்மையான விஷயம். இரண்டாம் கியரிலோ முதல் கியரிலோ இறங்கச் சொல்லும் பலகைகள் மலைப்பாதை முழுக்க நிற்கின்றன. விபத்துகளுக்குப் பிறகு கல்லட்டியில் வெளியூர் வண்டிகள் இறங்குவதையே தடுத்துவிட்டார்கள். பெட்ரோல் காரில் இன்ஜின் பிரேக் என்பது பெரும்பாலும் மூடிய த்ராட்டிலின் வேலை. தகடு இறுக மூடியிருக்க, சிலிண்டர்கள் இல்லாத காற்றை இழுக்கப் போராடும், அந்தப் போராட்டம்தான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். தகடு சரியாக மூடாவிட்டால் பிடியும் அந்த அளவுக்குத் தளரும், பாரம் பிரேக் மேல் ஏறும்.

வீட்டில் அரைத்த த்ராட்டில் பாடி ஒன்றைக் குன்னூர்ப் பட்டறையில் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வெளிப்பார்வைக்குக் கண்ணாடிபோல் பளபளப்பு, செய்தவர் சிரத்தையாகத்தான் செய்திருந்தார். தகட்டை மூடி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது அடிப்பக்கத்தில் நகம்போல் ஒரு வெளிச்சப் பிறை தெரிந்தது. கிரைண்டரின் முனை ஒரே ஒருமுறை வழுக்கி, தகடு உட்காரும் இடத்தைச் சுரண்டியிருந்தது. காகிதத் தடிமன்தான். ஆனால் அந்த இடைவெளியில் போகும் காற்றே இன்ஜினின் ஐடிலிங்கை 750 சுற்றிலிருந்து 1,200-க்கு ஏற்றிவிடப் போதும். மெக்கானிக் விரலால் தகட்டை மெல்ல விட்டுக் காட்டினார். அது தானாக மூடாமல், சுரண்டிய பள்ளத்தின் உதட்டில் ஒரு நொடி தயங்கிப் பிறகு விழுந்தது. ஊசி வளைவுக்கு முன் காலை எடுத்த பிறகும் ஒரு நொடி திறந்தே நிற்கும் த்ராட்டிலோடு யாரும் மலை இறங்கக் கூடாது.

தகட்டைத் தண்டோடு பிணைக்கும் இரண்டு சின்னத் திருகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனியில் அவற்றின் நுனியை நசுக்கி, கழன்றுவிடாதபடி பூட்டியிருப்பார்கள். கழற்றும்போது அந்தப் பூட்டு உடைந்துவிடும். திரும்ப மாட்டும்போது லாக்கிங் பசை போட்டு, நுனியை மறுபடி நசுக்காவிட்டால் அதிர்வில் தளரும். தளர்ந்த திருகுக்குப் போக்கிடம் ஒன்றுதான், சிலிண்டர். அரைத்த அலுமினியத் துகளுக்கும் அதே வழி. மெலிய அரைத்த தண்டு வளைந்தால் தகடு சிக்கிக்கொள்ளும்.

ஆக்சிலரேட்டர் கேபிள் வைத்த பழைய கார்களில் இவையெல்லாம் கைவேலையின் கவனத்தைப் பொறுத்தவை. இன்று ஷோரூமிலிருந்து வரும் கார்களில் பெடலுக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பி வடமே இல்லை. பெடலின் நிலையைச் சென்சார் படிக்கிறது, கணினி முடிவெடுக்கிறது, மோட்டார் தகட்டைத் திருப்புகிறது. எத்தனை டிகிரிக்கு எவ்வளவு காற்று வரும் என்ற அட்டவணை கணினியின் நினைவில் இருக்கிறது. வாயை அரைத்தால் அட்டவணை பொய்யாகிறது. கணினி முதலில் தகட்டை இன்னும் மூடிச் சமாளிக்கும், முடியாதபோது செக் இன்ஜின் விளக்கை ஏற்றும். ஐடிலிங் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்ற பி0507 என்ற கோடு ஸ்கேனரில் விழும். இப்படிப்பட்ட த்ராட்டில்கள் பலவற்றின் உட்சுவரில் தகடு ஒட்டிப் பொருந்த ஒரு கருநிறப் பூச்சும் இருக்கும். அழுக்கென்று நினைத்து அதைத் தேய்த்து எடுப்பவர்கள் உண்டு. எலக்ட்ரானிக் த்ராட்டிலை அரைக்கவே கூடாது என்று தயங்காமல் சொல்வேன்.

போர்ட்டிங்கோடு சேர்த்து இன்னொரு வேலையும் பரிந்துரைக்கப்படுகிறது. பல த்ராட்டில் பாடிகளின் அடியில் இன்ஜினின் சுடுநீர் ஓடும் சிறு குழாய் உண்டு. அதைத் துண்டித்தால் உள்ளே போகும் காற்று குளிர்ந்து சக்தி கூடும் என்பார்கள். காற்று அந்த வாயைக் கடக்க எடுத்துக்கொள்ளும் கண நேரத்தில் பெறும் சூடு அற்பம். அந்தக் குழாய் இருப்பது வேறு காரணத்துக்காக. பாதி திறந்த தகட்டைக் கடக்கும் ஈரக்காற்று சட்டென்று குளிர்ந்து, தகட்டின் விளிம்பில் பனியாக உறையக்கூடும். பூஜ்யத்துக்குச் சற்று மேலான குளிரும் மிகுந்த ஈரமும் சேர்ந்த இடம்தான் இதற்கு ஏற்றது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனி பூக்கும் ஊட்டி விடியற்காலைக்கு இதைவிடப் பொருத்தமான விவரிப்பு இல்லை. சென்னைக்காரர் அந்தக் குழாயைத் துண்டித்துவிட்டுத் தப்பிக்கலாம், ஊட்டிக்காரர் துண்டிக்க வேண்டாம்.

கார்புரேட்டர் காலத்தில் மலைக்கென்று செய்த மாற்றங்களுக்கு நியாயம் இருந்தது. கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. கடலோர ஊரில் செட் செய்த அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ ஊட்டியில் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுதலாகப் பெட்ரோலைக் கலக்கும். கரும்புகை, கரிபிடித்த பிளக், எரிபொருள் வீண். பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைச் சிறிதாக மாற்றினால் வண்டி உண்மையிலேயே தெளியும். மலை மெக்கானிக்குகளின் கைத்திறன் பெயர்பெற்றது இதனால்தான். 2000-ஐ ஒட்டி மாருதி 800-லும் எம்பிஎஃப்ஐ என்ற மின்னணு எரிபொருள் ஊட்டல் வந்த பிறகு, காற்றழுத்தத்தைச் சென்சாரே அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. ஜெட் மாற்றிய காலத்தின் நம்பிக்கை, ஜெட்டே இல்லாத இன்ஜினிலும் தொடர்வதாக எனக்குத் தோன்றுகிறது.

மெலிந்த காற்றுக்கு உண்மையான விடை இரண்டு. ஒன்று டர்போ. வெளியே அழுத்தம் குறைந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று காற்றை அழுத்தித் தரும், மலையில் டர்போ கார்கள் சோராமல் ஏறுவதன் ரகசியம் அதுதான். மற்றொன்று கியர். 1,300 கிலோ எடையுள்ள காரைப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற்ற வேண்டிய சக்தி, கணக்குப்படி, பதினான்கு குதிரைத்திறன்தான். ஊட்டியில் மிஞ்சும் 65-இல் அது கால்பங்குகூட இல்லை. சக்தி இருக்கிறது, அது தாழ்ந்த சுற்றில் மூன்றாம் கியரில் கிடைக்காது, உயர்ந்த சுற்றில் இரண்டாம் கியரில் கிடைக்கும். இதே வழியில்தான், 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடத் தொடங்கிய மலை ரயில் பன்னிரண்டரைக்கு ஒன்று என்ற ஏற்றத்தைப் பல்சக்கரத்தைக் கொண்டு, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரைத் தொடாத வேகத்தில், இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்கீழ், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. த்ராட்டிலின் விட்டம் ஆர்.சி.யில் இருக்காது என்று வாதாடலாம். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முன் அந்த வாதத்தை நம்பி நிற்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீராதவர் கிரைண்டரை எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். ஓபிடி ஸ்கேனரை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேனிஃபோல்டு அழுத்தத்தைப் படியுங்கள். ஊட்டியில் 78-ஐ ஒட்டிக் காட்டும். பிறகு ஒருவர் ஓட்ட, மற்றவர் ஸ்கேனரைப் பார்க்க, ஆளில்லாத நேரான ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முழு மிதியில் 5,000 சுற்றைத் தாண்டும்போது மறுபடி படியுங்கள். 75 அல்லது 76 காட்டினால் ஃபில்டர், குழாய், த்ராட்டில் எல்லாம் சேர்ந்தே விழுங்குவது அந்த இரண்டு மூன்றுதான். 70-க்குக் கீழே போனால் எங்கோ அடைப்பு இருக்கிறது. அப்போது முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். அடுத்து த்ராட்டில் தகட்டின் பின்புறம் படிந்த எண்ணெய்க் கரியைக் கிளீனர் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள், பூச்சில் கைபடாமல். மூன்றாவதாக, அடைப்பு இல்லாமலே வண்டி சோர்ந்தால், கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் ஷூ உரசிக்கொண்டே ஓடுகிறதா என்று பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கெட்டிருந்தாலே, த்ராட்டிலை அரைத்துக் கிடைப்பதைப்போலப் பல மடங்கு சக்தி வீணாகிக்கொண்டிருக்கும்.